வரலாற்று நாவல் போடும் பதிப்பாளர்களுக்கு: கடைசியில் நாலு பக்கம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் மட்டுமே இருந்த ஜான்சி ராணிப் படையை வைத்து உங்களில் ஒருவர் வெளியிட்ட நாவலை நண்பர்கள் சிலர் சேர்ந்து படித்துப் பேசினோம். எந்த நாவல் என்று சொல்லப்போவதில்லை, ஒருவர் மட்டும் செய்கிற காரியம் இல்லையே இது. கதை நன்றாகத்தான் போகிறது. ஆனால் அதில் பெண்கள் மணிப்பூரில் இம்பால் மலையேறிப் போய் எதிரி முகாமைப் பிடிக்கிறார்கள், அந்தப் படையின் தலைவி கேப்டன் லட்சுமியின் சாயலில் வருகிறவர் குண்டடிபட்டுச் சாகிறார். எங்களில் ஒருவர் இதை அப்படியே நம்பிவிட்டார். லட்சுமி கான்பூரில் வயதான காலம் வரை வைத்தியம் பார்த்ததும், 2002இல் அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்றதும், 2012இல் தான் காலமானதும் அவருக்குப் புதுச் செய்தி.

சரி, அதையாவது தேடிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இன்னொரு தோழியின் வீட்டில் நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. அவளுடைய பாட்டி மலாயா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர், சிங்கப்பூர் முகாமில் பயிற்சி எடுத்து பர்மாவில் மேமியோ வரை போனவர். துப்பாக்கி சுடக் கற்றோம், ஆனால் எங்களைப் போர்முனைக்கு அனுப்பவில்லை, ஆஸ்பத்திரியில் சீழ் பிடித்த காயங்களைக் கழுவினோம் என்றுதான் கடைசி வரை சொல்லியிருக்கிறார். அது உண்மை. 1944இல் ஜப்பானியரும் நேதாஜியின் ராணுவமும் சேர்ந்து போட்ட இம்பால் முற்றுகை தோற்ற பிறகு அந்தப் பெண்களுக்கு வந்து சேர்ந்த வேலை அதுதான். நாவலைப் படித்த தோழியின் மகள், "அப்போ கொள்ளுப்பாட்டி நிஜமான படையில இல்லையா, சும்மா எடுபிடியா?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டி இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார். இப்போது அந்த வீட்டில் உங்கள் புத்தகம்தான் சாட்சி.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். நாவலின் முடிவில் நாலு பக்கம், எது நடந்தது, எது கற்பனை, எங்கே தேதியை மாற்றினோம் என்று ஆசிரியரே எழுதட்டும். சம்பந்தப்பட்ட பதிப்பகத்துக்குப் போன் செய்து இதைக் கேட்டபோது, "புனைவுதானே மேடம்" என்றார்கள். புனைவு என்று எங்களுக்கும் தெரியும். பின்னட்டையில் மட்டும் ஏன் "மறைக்கப்பட்ட உண்மை வரலாறு" என்று போட்டீர்கள்? விற்கும்போது வரலாறு, கேள்வி கேட்டால் புனைவா?

இத்தனைக்கும் நடந்ததே போதுமான கதை. 1945 ஏப்ரலில் இந்தப் படைப் பெண்கள் ரங்கூனை விட்டுக் கிளம்பி, பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் கிடந்து, இரவில் சேற்றில் நடந்து, ஆறு கடந்து பாங்காக் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஊர் திரும்பிய ஒரு குழுவின் ரயில் தாக்கப்பட்டதில் ஜோசபின், ஸ்டெல்லா என்று இரண்டு பேர் இறந்தார்கள். முன்னூற்றுச் சொச்சம் பக்க நாவலில் அந்த இரண்டு பெயருக்கு இடமில்லை. ஒரு இளம் அதிகாரியோடு நிலா வெளிச்சத்தில் காதல் வசனம் பேச மட்டும் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ராணுவ உடுப்பில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். பெண் வீரம் என்றாலே முகம் தெரியக்கூடாது என்று யார் விதி போட்டார்களோ! மெய்ப்புப் பார்ப்பதை எப்போது கைவிட்டீர்கள் என்பதையும் கேட்கலாம், ஒரே கிழவிக்கு இரண்டு அத்தியாயங்களில் இரண்டு பெயர்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் சிரமங்கள் தெரியாமல் இல்லை, காகித விலையும் தெரியும், ஆயிரம் பிரதி விற்க ஆகும் காலமும் தெரியும். நாவலாசிரியரின் கையைக் கட்டச் சொல்லவில்லை, இம்பாலில் அவர்களைச் சண்டை போடவைக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அப்படி வைத்தேன் என்று கடைசியில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த பதிப்பிலாவது அந்த நாலு பக்கத்தைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அச்சில் பக்கங்களைச் சேர்க்கும் ஃபாரம் கணக்கில் இடிக்கிறது என்றால், முன்னால் இருக்கும் மூன்று அணிந்துரைகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள். அதில் ஒருவர் நாவலைப் படித்த மாதிரியே தெரியவில்லை.

இப்படிக்கு,
காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் வாசகி ஒருத்தி, நண்பர்கள் சார்பில்