நனையாத நிலையத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

தை பிறந்து மழை ஓய்ந்ததும் முதல் வேலையாக வளவுக்குள் இறங்கி, அங்கே நான் கட்டியிருக்கும் பொம்மைப் புகையிரத நிலையத்தின் ஒவ்வொரு கட்டடத்தினதும் கூரையைத் தூக்கிப் பார்த்தேன். நிலையக் கட்டடத்துக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. பண்டகசாலை உலர்ந்து கிடந்தது. சமிக்ஞைக் கூடத்துக்குள் ஒரு பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது. அதை ஒழுக்காகக் கணக்கெடுக்க முடியாது. ஆகவே இந்த மடலை வெட்கமில்லாமல் எழுதலாம். சென்ற ஆண்டும் ஒன்றை எழுதத் தொடங்கினேன். நடைமேடைக் கூரை ஊறிய பாண்போல உப்பிப் பிளந்திருந்ததைக் கண்டு கிழித்துப் போட்டேன்.

முதல் நன்றி ஜேர்மனியில் இருக்கும் பெரியம்மா மகன் அண்ணாவுக்கு. இந்தப் பைத்தியத்தைத் தொடக்கிவைத்தவர் அவர்தான். 1968 இல் நூரம்பேர்க்கில் எல்.ஜி.பி. என்ற பெயரில் அறிமுகமான 45 மில்லிமீற்றர் அகலத் தோட்டப் புகையிரதப் பாதையும் ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் அவர் அனுப்பியவை. கூடவே, துண்டு துண்டாக வந்து பொருத்த வேண்டிய ஒரு மலைநாட்டு வீடும் இருந்தது. பனி வழுக்கிவிழுவதற்கான செங்குத்துக் கூரையோடு அதை மாமரத்தின் கீழ் வைத்தபோது, சுன்னாகம் சந்தையில் கோட்டுப் போட்டு வெங்காயம் வாங்க நிற்பவரைப்போல இருந்தது. ஆனால் கற்றுக்கொடுத்தது அந்த வீடுதான். ஒட்டுமுன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பார். பிளாஸ்ரிக்கைச் சற்றே உருக்கி இணைக்கும் பசையைப் பூசு. உடனே பிடிக்கும் பசையை நம்பாதே, வெயிலிலும் ஈரத்திலும் அது நொறுங்கும் என்று அண்ணா தொலைபேசியில் மூன்று முறை சொன்னார்.

நான் கேட்கவில்லை. எங்கள் நாட்டு நிலையம் ஒன்று வேண்டும் என்ற அவசரத்தில், வீட்டில் கிடந்த, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை வெட்டி, அந்த உடனடிப் பசையாலேயே ஒட்டினேன். வெளிச்சுவருக்கு உகந்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்த பெயின்ட் சித்திரை வெயிலிலேயே பாம்புச் சட்டையாக உரிந்தது. மிச்சத்தைக் கார்த்திகை பார்த்துக்கொண்டது. கடையின் பெயர் வேண்டாம். இப்போதும் அங்கேதான் ஆணி வாங்குகிறேன்.

அடுத்த நன்றி பெயர்ப்பலகை செய்யும் கடைத் தம்பிக்கு. அவருடைய கழிவுக் குவியலில் கிடந்த நுரை பி.வி.சி. பிளாஸ்ரிக் துண்டுகள்தான் இன்றைய சுவர்கள். தண்ணீர் குடிக்காது, கறையான் தொடாது, கத்தியால் வெட்டலாம். ஆனால் வெயிலில் நீளும் என்று எச்சரித்தவரும் அவரே. 60 சென்ரிமீற்றர்த் துண்டு 30 பாகை சூடேறினால் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடவே நீளும். இரு முனையிலும் இறுக்கி முடுக்கினால் சுவர் வில்லாக வளையும். அதனால் ஒரு முனையை மட்டும் இறுக்கி, மறுமுனையில் துளையை நீட்டித் துருப்பிடிக்காத திருகாணியைத் தளர்வாக விட்டோம். காசு வாங்க மறுத்துவிட்டார். நிலையத்தின் பெயர்ப்பலகையைத் தானே செய்ய வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. 12 சென்ரிமீற்றர்ப் பலகையில் மூன்று மொழியும் தெளிவாக விழ, சுவர்களுக்குச் செலவழித்த நேரத்தைவிட அதிகம் செலவழித்தார்.

மேசன் ஐயாவை அத்திவாரத்துக்குத்தான் கூப்பிட்டேன். பொம்மை வீட்டுக்கு அத்திவாரமா என்று சிரித்தவர், மறுநாள் ரசமட்டத்தோடு வந்து நின்றார். எங்கள் வளவு செம்மண். மேலிருந்து விழும் மழையைவிட நிலத்தில் பட்டுத் தெறிக்கும் மழைதான் சுவரைக் கெடுக்கும் என்றார். நிலத்துக்கு மேலே மூன்று விரல்கடை உயர்ந்து, பின்பக்கம் இலேசாகச் சரிந்த கொங்கிறீற் தட்டு. அதைச் சுற்றிச் சல்லி. கட்டடம் தட்டில் ஒட்டப்படவில்லை, நான்கு முளைகளில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் புகுந்தாலும் அடியால் ஓடிவிடும்.

அவர் சொன்ன இன்னொன்றை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. கூரை விளிம்பின் அடியில் நீளத்துக்கு ஒரு காடி, அதாவது சிறு பள்ளம், வேண்டும், இல்லாவிட்டால் நீர் விளிம்பைச் சுற்றி உள்ளே ஊர்ந்துவரும் என்றார். அளவுக்கேற்ப அரை மில்லிமீற்றரில் கீறினேன். நீர் அதைத் தாண்டிப் போனது. உண்மை வீட்டுக் காடிபோல அகலமாக்கிய பிறகே சொட்டி விழுந்தது. கதவையும் யன்னலையும் சிறிதாக்கலாம், மழைத்துளியைச் சிறிதாக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாரி முழுவதும் தேவைப்பட்டது.

கூரைக்குக் குருநகரில் படகு திருத்தும் அண்ணருக்கு நன்றி. கடலில் மிதப்பது மழைக்குத் தாங்காதா என்ற என் மனைவியின் கேள்விதான் என்னை அவரிடம் அனுப்பியது. அந்த நன்றியை வீட்டிலேயே சொல்லிவிட்டேன். களிமண்ணில் ஓட்டு வரிசை ஒன்று செய்து, அதன்மேல் சிலிக்கன் வார்ப்பு எடுத்து, அதற்குள் நிறம் கலந்த மேற்பூச்சும் கண்ணாடியிழையும் பிசினும் இட்டுக் கூரையை வார்த்துத் தந்தார். நிறம் பொருளுக்குள்ளேயே இருப்பதால் உரிய எதுவுமில்லை. மத்தியான வெயிலில் கலந்தால் பிசின் கோப்பையிலேயே கல்லாகிவிடும் என்று சொல்லி, விடியற்காலையில் வரச்சொன்னார். இரண்டு நாள் அவருடைய படகு வேலை பிந்தியது.

ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஐயாவைப் பற்றி எழுதத்தான் இந்த மடலே. வந்து நின்றதும், அளவுகோலைத் தொடாமலே, “தண்டவாளம் ஒடுங்கிப்போயிருக்கிறதே” என்றார். உண்மைதான். எங்கள் நாட்டுப் புகையிரதப் பாதையின் அகலம் ஐந்தரை அடி, 1,676 மில்லிமீற்றர். அதை 45 ஆக்கினால் 37 இல் ஒரு பங்கு. அண்ணாவின் எஞ்சினோ மீற்றர் அகலப் பாதைக்குரியது, 22.5 இல் ஒரு பங்கு. இரண்டு மாலை வாதாடினோம். கடைசியில் எஞ்சினுக்குப் பொருந்துமாறு ஏழடிக் கதவை 95 மில்லிமீற்றராக வைக்கச் சம்மதித்தார். ஆனால் எஞ்சினில் யாழ்தேவி என்று பலகை மாட்டக் கண்டிப்பாகத் தடை போட்டார். 1956 முதல் ஓடிய வண்டியின் பெயரை ஜேர்மன்காரனுக்குச் சூட்டலாகாதாம்.

1990 ஆனியில் வண்டி நின்றபோது அவர் பணியில் இருந்தார். பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வரும்வரை, இங்கே பிறந்த பிள்ளைகள் புகையிரதத்தைப் படத்தில்தான் பார்த்தார்கள். அவர் ஒரு கொப்பித்தாளில், தான் வேலை செய்த ஒரு சிறு நிலையத்தை நினைவிலிருந்து வரைந்து தந்தார். டிக்கெட் யன்னல் எந்த உயரம், தீயணைப்பு மணல்வாளிகள் எந்தப் பக்கம், ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டும் விடுவதற்கான டேப்லட் கருவி இருந்த மேசை எங்கே என்று எல்லாம் அதில் உண்டு. வாளிகள் நான்கா ஐந்தா என்பதில் மட்டும் தடுமாறினார். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, “நான்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் கடன்பட்டிருக்கிறேன். அவருடைய தென்னை எங்கள் வேலிக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. ஒரு குரும்பட்டி போதும், நிலையம் தரைமட்டம். தென்னையைச் சுற்றி வலை கட்ட விட்டார், தன் கோழிகளையும் பாதையைக் கிளறாமல் கட்டிவைத்தார். காற்றுத் துளைகளில் நுளம்பு வலை ஒட்டிய அயல் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கடன் இருக்கிறது. பல்லி எப்படிப் புகுந்தது என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லோரும் வளவுக்கு வாருங்கள். கொடியசைக்க நிலைய அதிபர் ஐயா சம்மதித்துவிட்டார். கூரைகளைத் தூக்கிப் பார்க்கலாம், யன்னல்களைத் திறக்கலாம். சமிக்ஞைக் கூடத்தை மட்டும் யாரும் தொட வேண்டாம். முட்டைகள் இன்னும் பொரிக்கவில்லை.

நன்றியுடன்,
கொக்குவிலிலிருந்து உங்கள் அயலவன்