அள்ளுன குப்பைக்கு ஒரு வண்டி அனுப்புங்க

தாமிரபரணி கரையோர உள்ளாட்சி அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆத்துக்குள்ள இறங்கி குப்பை அள்ளுற கோஷ்டிதான் எழுதுறோம், எங்கள உங்களுக்கு நல்லாவே தெரியும். போன வாரம் படித்துறைல கட்டி வச்ச மூட்டையெல்லாம் மறுபடியும் ஆத்துக்கே போயிடுச்சு. போன் அடிச்சதுக்கு "சாயங்காலம் வண்டி வரும்"னாங்க, அப்புறம் "நாளைக்கு காலைல"ன்னாங்க, அப்புறம் போனையே எடுக்கல. ரெண்டு நாள்ல நல்ல மழை, தண்ணி ஏறி பாதி மூட்டைய இழுத்துட்டுப் போயிடுச்சு, மிச்சத்த நாயும் மாடும் கிழிச்சுப் போட்டிருக்கு.

பாட்டில், கேரி பேக் எல்லாம் கூட சமாளிச்சுடலாம் சார், துணிதான் உயிர வாங்குது. பாபநாசத்துல பரிகாரம்னு முங்கி எந்திரிச்சு உடுத்துன துணிய ஆத்தோட விட்டுட்டுப் போறாங்கல்லா, அந்த வேட்டியும் சேலையும் பாறை இடுக்குல செருகிக்கிட்டு மேல மண்ணு மூடிருது, வெளிய நுனி மட்டும்தான் தெரியும். இழுத்தா பாதி கிழிஞ்சு கையோட வரும், மீதிக்கு கைய விட்டுத் தோண்டணும், தோண்டுற இடத்துல உடைஞ்ச பீர் பாட்டில் இருக்கும். பாலியஸ்டர் சேலை மக்கவும் செய்யாது, உள்ள மண்ணு ஏறி ஒரு சேலையத் தூக்க ரெண்டு ஆள் வேணும். கரைல போட்டு முறுக்கிப் பிழிஞ்சா கருகருன்னு சேறு வடியும், அந்த நாத்தம் சோப்பு போட்டாலும் போவாது. எங்ககூட வர்ற காலேஜ் பையன் ஒருத்தனுக்கு உள்ளங்கால் கிழிஞ்சு தையல் போட்டுருக்கு. அப்படி எடுத்த சேலைதான் இப்போ திரும்ப தண்ணிக்குள்ள கிடக்கு.

அதனாலதான் கேக்குறோம், அள்ளுன அன்னைக்கே வண்டி அனுப்புங்க.

கேட்டா எல்லைப் பிரச்சனைன்னு சொல்றீங்க. படித்துறை கோயிலுக்காம், கரை ஊராட்சிக்காம், ஆறு வேற ஏதோ துறைக்காம். அப்போ குப்பை யாருக்கு, எங்களுக்கா? சேர்ற குப்பைய அள்ளிக் கொண்டுபோறது உள்ளாட்சி பொறுப்புன்னு திடக்கழிவு மேலாண்மை விதியிலயே இருக்கு, உங்களுக்கு நாங்க சட்டம் சொல்லித் தரணும்னு இல்ல.

ஆனா போட்டோ எடுக்குற அன்னைக்கு மட்டும் எந்த எல்லையும் குறுக்க வரல பாத்தீங்களா. புது கிளவுஸ், தொப்பி, டீ, வடை, கூடவே காலி வண்டி ரெண்டு! அரைமணி நேரம் குனிஞ்சு நிமிந்துட்டு எல்லாரும் கிளம்பிட்டாங்க, "நதியைக் காப்போம்"னு போட்ட பேனர் மட்டும் ஆத்தோரத்துலயே கிடந்துச்சு, டீ கப்போட சேத்து அதையும் நாங்கதான் அள்ளுனோம். பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரில வந்தது, அந்த கவரெல்லாம் எந்தக் கடைல இருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா? சாக்கடைய ஆத்துக்குள்ள திருப்பி விட்டிருக்கது யார் கண்ணுக்கும் படலையா? பொதிகைல கண்ணாடி மாதிரி இறங்குற தண்ணி, அதத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்குது, கார் பிசானம்னு ரெண்டு போகம் நெல்லுக்கும் அதான், புன்னக்காயல்ல கடல்ல சேரும்போது அது எந்த லட்சணத்துல இருக்குன்னு ஒருநாள் போய்ப் பாருங்க.

சரி, அதெல்லாம் பெரிய பேச்சு, அதுக்கு இந்த மடல் பத்தாது. நாங்க கேக்குறது சின்ன விஷயம்தான். பாராட்டு விழா வேண்டாம், சால்வை சர்டிபிகேட் எதுவும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள ஒரு டிராக்டரோ குட்டி யானையோ எது இருக்கோ அத அனுப்புங்க. லீவு நாள்ல டிரைவர் கிடைக்க மாட்டாங்கன்னா அதையும் முன்னாடியே சொல்லிடுங்க, வேற கிழமைக்கு மாத்திக்கிறோம். வண்டியே இல்லைன்னா ஆத்துத் தண்ணி ஏறாத மேட்டுல ஒரு இடம் காட்டுங்க, தலைச்சுமையா நாங்களே கொண்டுபோய் போட்டுர்றோம், அங்க இருந்து மறுநாள் எடுத்துக்கோங்க.

பருவமழை வலுக்குறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு தடவையாவது இறங்கணும்னு இருக்கோம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள யார்கிட்ட பேசணும்னு ஒரு ஆள், போன எடுக்குற ஆளா பாத்து, சொல்லிவிட்டீங்கன்னா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
படித்துறைல குப்பை அள்ளுறவங்க