ரயில்வே கேட்டில் எதிர்த்தடத்தில் வண்டி நிறுத்துவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற ரயில்வே கேட் கீப்பர் ஒருவர் மற்றும் ரயில்வே கேட் சாலைக் கடைக்காரர்கள், குடியிருப்போர்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தலைவர், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு

பொருள்: ரயில்வே கேட்டின் இருபுறமும் சாலையில் நடுத்தடுப்பு அமைக்கவும், காலை மாலை வேளைகளில் போக்குவரத்துக் காவலரை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 28 வருடம் கேட் கீப்பராக வேலை பார்த்தவன். அதில் கடைசி 11 வருடம் எங்கள் ஊர் கேட்டில்தான். இப்போதும் கேட்டிலிருந்து நாலு கடை தள்ளித்தான் குடியிருக்கிறேன். மனு எழுதச் சொன்னவர்கள் கடைத்தெருக்காரர்கள், கையெழுத்தும் அவர்களுடையது, விவரம் மட்டும் என்னுடையது. மேம்பாலம் கேட்டு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காகக் கொடுத்த மனுக்கள் ஒரு தனிக் கட்டாக எங்கோ இருக்கும். பாலம் வரும்போது வரட்டும். அதுவரைக்குமான ஏற்பாடு ஒன்றைத்தான் இப்போது கேட்கிறோம்.

கேட் மூடியதும் இடப்பக்கம் ஒழுங்காக வரிசை பிடிப்பது முதலில் வரும் ஐந்தாறு வண்டிகள்தான். அடுத்து வரும் பைக்காரர் வலப்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து, நேராக முன்னால் வந்து கேட்டை ஒட்டி நிற்பார். அவரைப் பார்த்து ஷேர் ஆட்டோ வரும், ஆட்டோவைப் பார்த்துக் கார், காரைப் பார்த்து மினி பஸ். மறுபக்கமும் இதே கதை. ரயில் போய்க் கேட் தூக்கும்போது, சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு இரண்டு கூட்டம் கபடி ஆட்டம் போல எதிரெதிரே நிற்கும். இரண்டும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் தண்டவாளம். பின்னால் எடுக்கவும் யாருக்கும் இடம் இருக்காது.

எங்கள் கேட் இன்டர்லாக்கிங் உள்ள கேட். மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குக் கேட் சிக்னல் விழும். மூட முடியாவிட்டால் சிக்னல் சிவப்பிலேயே இருக்கும், ரயில் வெளியே நிற்கும். அப்புறம் என்ன ஆபத்து என்று தோன்றும். விஷயம் என்னவென்றால், அந்தப் பூட்டுக்குக் கேட் கம்பம் இறங்கிவிட்டதா என்பது மட்டும்தான் தெரியும். இரண்டு கம்பத்துக்கும் நடுவே ஒரு ஆட்டோ மாட்டியிருந்தால் அதற்குத் தெரியாது. அதைப் பார்ப்பது கேட் கீப்பரின் கண் மட்டுமே. முன்னால் இருபது ஹார்ன், பின்னால் ஸ்டேஷன் போன், "ஒரே ஒரு வண்டி, விட்டுடுண்ணே" என்று ஒருவர், "தொறய்யா கேட்டை" என்று இன்னொருவர். இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்தக் கண் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் திட்டு வாங்கியதற்குக் கணக்கில்லை. ஒரு தடவை சட்டையையும் பிடித்திருக்கிறார்கள்.

ஒரு மார்கழி விடியற்காலை, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, எதிர்த்தடத்தில் வந்த மினி பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய்த் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. டிரெய்லரின் கொக்கி ஆணி முறிந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனில் சொல்லிவிட்டு, சிவப்பு விளக்கையும் டெட்டனேட்டர்களையும் (தண்டவாளத்தில் வைத்தால் ரயில் ஏறும்போது வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சிறு வெடி) எடுத்துக்கொண்டு பனியில் ஓடினேன். 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைக்க வேண்டும் என்பது விதி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்ட பிறகும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும், அதனால்தான் அவ்வளவு தூரம். நான் முதல் டெட்டனேட்டரை வைத்துவிட்டு நிமிரும்போதே, ஊர்க்காரர்கள் டிரெய்லரைத் தள்ளிவிட்டதாக விசில் அடித்தார்கள். ரயில் ஸ்டேஷனிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. போன் மட்டும் எடுக்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேட் மூடியிருக்கும்போது பைக்கைச் சாய்த்து அடியில் நுழைத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுடையது இரட்டைப் பாதை. ஒரு ரயில் போனதும் "அவ்வளவுதான், போயிடுச்சு" என்று குனிந்து நுழைகிறார்கள். அதே நேரம் அடுத்த பாதையில் எதிர்த்திசையில் வரும் ரயிலை, போய்க்கொண்டிருக்கும் ரயிலின் பெட்டிகள் மறைத்துவிடும், சத்தத்தையும் அமுக்கிவிடும்.

கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் 8.7.2025 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். எங்கள் வேலையில் நடந்த தவறை நான் மழுப்ப மாட்டேன். மூடாத கேட்டுக்கு வண்டி ஓட்டுநரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. அதன் பிறகு கேட்டுகளில் கேமரா வைப்பதாகவும், இன்டர்லாக்கிங்குக்கான போக்குவரத்து அளவை 20,000 டி.வி.யு.விலிருந்து (கேட்டைக் கடக்கும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கி வரும் கணக்கு) 10,000 ஆகக் குறைப்பதாகவும் ரயில்வே அறிவித்தது. சரி, கேட்டுக்கு உள்ளே அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேட்டுக்கு வெளியே இருக்கும் சாலை மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

மூடிய கேட்டைத் தானாகத் திறப்பவருக்கு மூன்று வருடம் வரை, உடைப்பவருக்கு ஐந்து வருடம் வரை சிறை என்று 1989 ரயில்வே சட்டத்தின் 160-வது பிரிவு சொல்கிறது. ஆனால் கேட்டைத் தொடாமல் எதிர்த்தடத்தில் வந்து நிற்பவர் அதில் வரமாட்டார். அவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. எதிர்த்திசையில் ஆபத்தாக ஓட்டுவது 184-வது பிரிவில் வரும். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அதற்காக எங்கள் கேட்டில் ஒருவருக்குக்கூட ரசீது கிழித்து நான் பார்த்ததில்லை. ஹெல்மெட் பிடிப்பவர்கள் பஸ் நிலையம் பக்கம்தான் நிற்கிறார்கள்.

ஆகவே முதலில் வேண்டியது நடுத்தடுப்பு. கேட்டை ஒட்டித் தொடங்கி இருபுறமும் நூறு மீட்டராவது வேண்டும். பிளாஸ்டிக் கம்பம் வேண்டாம். ஒரே மாதத்தில் மினி பஸ் அதன் மேல் ஏறிப் பழகிவிடும். கான்கிரீட்டில் வையுங்கள். தடுப்பு வந்தால் எங்கள் கடைகளுக்கு முன்னால் வண்டி திருப்ப முடியாது, வியாபாரம் கொஞ்சம் குறையும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அது வரும்வரை காலை 8 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் ஒரு காவலரோ இரண்டு ஊர்க்காவல் படையினரோ நின்றால் போதும்.

இன்னொன்றும் கேட்கிறோம். கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை ஆய்வு செய்யும்போது அவசர வழி, தீயணைப்புக் கருவி எல்லாம் பார்க்கிறார்கள். அந்த ஓட்டுநர்களை அரை மணி நேரம் ஏதாவது ஒரு கேட்டுக்குக் கூட்டிவந்து, ரயில் கடந்து போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வைக்க வேண்டும். கேட் திறந்திருந்தாலும் நிறுத்தி இருபுறமும் பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் அதில்தான் வரும். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், படி எதுவும் வேண்டாம்.

தாங்கள் நேரில் பார்க்க வருவதானால், பள்ளி நாளாகப் பார்த்துக் காலை 8.15-க்கு வரவும். காரைக் கடைத்தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அந்த நேரத்தில் கேட் வரைக்கும் கார் வராது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரயில்வே கேட் சாலைக் கடைக்காரர்கள், குடியிருப்போர் சார்பில்

இணைப்பு: புகைப்படங்கள், கையெழுத்துப் பட்டியல்
நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், கோட்ட ரயில்வே மேலாளர்