66 அடின்னா எங்க தெருவுக்கு என்ன அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைகை அணை 66 அடியத் தொட்டா முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5க்கு ரெண்டாவது, 69க்கு மூணாவதுன்னு பேப்பர்ல வருது, நாங்களும் படிக்கிறோம், ஆனா எந்த அடிக்கு வீட்ல என்ன சாமான எடுத்து மேல வைக்கணும், எந்த ஸ்கூலுக்குப் போகணும்னு எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது.

2024 தீபாவளிக்கு முந்தின வாரம் செல்லூர்ல எங்க வீட்டுக்குள்ள வந்தது வைகைத் தண்ணிகூட இல்ல, கண்மாய்த் தண்ணி. அதுக்கு அடிக்கணக்கும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல. கட்டிலுக்கு அடியில இருந்த ட்ரங்குப் பெட்டி முழுசா முங்கிருச்சு. ரேஷன் கார்டு, மகளோட பத்தாவது மார்க் ஷீட் எல்லாத்தையும் ஃபேனுக்கு அடியில பரப்பிக் காயவச்சோம், அவ பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொரு தாளா பிரிச்சுக்கிட்டு இருந்தா. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு நடக்க முடியாது, நாலு பயலுக பிளாஸ்டிக் சேரோட தூக்கிட்டுப் போனாங்க. உள்ள ஒரு ஆள் இருக்குன்னு அந்தப் பயலுகளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதான் பெரியம்மா பொழைச்சாங்க.

வங்கதேசத்தப் பாருங்க. 1970 புயல்ல 3 லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் 1972லயே ஊர் ஊரா தன்னார்வலர்கள சேர்க்க ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு 76,000 பேர் இருக்காங்க, ஒரு குழுவுக்கு 20 பேர்னா அதுல 10 பேர் பொம்பளைங்க. ஆபத்து கூடக்கூட ஒரு கொடி, ரெண்டு கொடி, மூணு கொடின்னு ஏத்துறாங்க, மெகாஃபோன வச்சுக்கிட்டு வீடு வீடா போய் சொல்றாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் கொடி புரியும்ல. 2007ல பெரிய புயல் வந்தப்ப சாவு சில ஆயிரத்தோட நின்னுச்சு, அதுவும் கொடுமைதான், ஆனா 3 லட்சம் எங்க இது எங்க. அதுவும் ஒண்ணும் பெரிய பணக்கார நாடு இல்லங்க.

அதனால அதிகாரிங்களக் கேக்குறேன், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி வார்டுக்கு 20 பேர எடுத்து பயிற்சி கொடுங்க. நடக்க முடியாதவங்க, கைப்பிள்ளக்காரங்க எந்த வீட்ல இருக்காங்கன்னு அந்த 20 பேர் கையில லிஸ்ட் இருக்கணும். கண்மாய்க் கலுங்குல, அதாவது நெறஞ்ச தண்ணி வெளிய போற எடத்துல, மூணு கலர்ல கோடு போட்டு வைங்க, எந்தக் கோட்டுக்கு எந்தத் தெரு கிளம்பணும்னு இப்பவே சொல்லிருங்க. கண்மாய் நெறஞ்சு மறுகால் பாஞ்சதுக்கப்புறம் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு போன் போட்டுக்கிட்டு இருக்குற நெலம வேணாம்.

எங்க தெருவுல பேர் கொடுக்க ஏழு பொம்பளைங்க ரெடியா இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.