"இன்சூரன்ஸ் கொடுத்துவிடும்" என்றவர்கள்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மதுரையிலேயே வேலை கிடைத்து உன் பிள்ளை வீட்டோடு வந்துவிட்டதில் எனக்கும் நிம்மதி. மாமிக்குக் கண் ஆபரேஷன் என்று எழுதியிருந்தாய், முடிந்ததும் ஒரு வரி போடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. சொன்னால் கேட்கிற ஆளா அவர்!

கடைசிப் பக்கத்தில் காரமாக ஒன்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். "நம்ம ஊர்ல பஸ்ஸைக் கொளுத்தினா ரவுடித்தனம்ங்கிறோம். உங்க ஊர்ல போலீஸ் ஸ்டேஷனையே கொளுத்தினா அது நியாயப் போராட்டமா? நீ எந்தப் பக்கம்டி?" 2025 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் படை இறங்கியதை டிவியில் காட்டியபோது, இங்கே அமெரிக்காவில் எங்கள் மினியாபொலிஸ் நகரத்துப் போலீஸ் ஸ்டேஷன் 2020இல் எரிந்த காட்சிகளையும் சேர்த்து ஓட்டியிருப்பார்கள் போலிருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொளுத்தியது தப்பு. அடுத்து ஒரு "ஆனால்" வரும் என்று நீ காத்திருப்பாய், அது வராது. உன் கேள்விதான் நடுக்கதையிலிருந்து தொடங்குகிறது. அதனால் முன்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2020 மே 25. 38ஆவது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கிற முனையில் ஒரு கடை. 20 டாலர் கள்ளநோட்டு கொடுத்தார் என்று புகார். கையில் விலங்கோடு தரையில் கிடந்த ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தில் டெரெக் ஷோவின் என்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தினார், 9 நிமிடம் 29 விநாடி. ஃப்ளாய்ட் செத்துப்போனார். அன்று இரவு போலீஸ் விட்ட அறிக்கையில் முழங்கால் என்ற பேச்சே கிடையாது. போலீஸ் விசாரணையின்போது உடல்நிலை மோசமாகி ஒருவர் இறந்தார் என்கிற மாதிரி இருந்தது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அங்கேயே நின்று மொபைலில் எல்லாவற்றையும் எடுத்திருக்காவிட்டால் அந்த அறிக்கைதான் இன்றைக்கும் உண்மையாக இருந்திருக்கும்.

"சரி, அமைதியாகப் போராடியிருக்கலாமே" என்பாய். போராடினார்கள் மல்லிகா. 2015இல் ஜமார் கிளார்க் என்ற கறுப்பின இளைஞனைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, இதே ஊரில் நான்காவது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நவம்பர் குளிரில் கூடாரம் போட்டு 18 நாள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களை வெளியிலிருந்து வந்த சிலர் சுட்டதில் ஐந்து பேருக்குக் காயம். போலீஸ்காரர்கள் மேல் வழக்கு வரவில்லை. மறு வருடம் பக்கத்தில் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற இன்னொரு கறுப்பர். போலீஸ் காரை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினார். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவராகவே சொன்னார், லைசென்ஸும் இருந்தது. ஏழு குண்டு. பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. அவரைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரரை 2017இல் ஜூரி விடுவித்தது. ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள், ஒரு கடைக்கும் தீ வைக்கவில்லை. அந்த ஊர்வலம் உன் டிவியில் வந்ததா? கோலின் கேப்பர்னிக் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் இதை எதிர்த்து தேசியகீதத்தின்போது முட்டி போட்டதும் அதே 2016இல்தான். அதைவிட அமைதியாக எப்படிப் போராடுவது? அதற்கே அவரைத் துரோகி என்றார்கள், அந்த சீசனுக்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அதனால் "ஏன் அமைதியாகச் செய்யவில்லை" என்று கேட்பவர்களிடம் நான், "செய்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்" என்று கேட்பேன். உன்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் உன்னோடு போடுவதைவிடப் பெரிய சண்டை எனக்கு என் பக்கத்து ஆட்களோடுதான். நான் பார்க்கும் வேலை உனக்குத் தெரியும். நம் ஊரில் சர்வேயர் என்பார்களே, அதுதான். தீயோ வெள்ளமோ வந்தால் போய்ப் பார்த்து, நஷ்டம் இவ்வளவு என்று எழுதுவது. 2020 ஜூனில், கலவரத்தில் எரிந்த லேக் ஸ்ட்ரீட் கடைத்தெருவில் நான் நஷ்டம் கணக்கெடுத்த நாட்களில், ஊர்வலம் போய் வந்த நல்ல மனிதர்கள், என் அலுவலகத்தில் இருப்பவர்கள்கூட, "கட்டடம்தானே, உயிரா? இன்சூரன்ஸ் கொடுத்துவிடும்" என்றார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்சூரன்ஸில் வேலை பார்க்கிற ஒருத்தர் வாயிலிருந்தாவது அந்த வாக்கியம் வராமல் இருந்திருக்கலாம்.

லேக் ஸ்ட்ரீட் பெரிய மால்கள் இருக்கிற தெரு இல்லை. மெக்சிகோ, ஈக்வடார், சோமாலியா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் பத்துப் பதினைந்து வருடம் வேறொருவர் கடையில் உழைத்து, அப்புறம் சொந்தமாகப் போட்ட கடைகள். இரட்டை நகரங்கள் என்கிற மினியாபொலிஸ், செயின்ட் பால் இரண்டிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 1,500 இடங்கள் சேதம், சுமார் 50 கோடி டாலர் என்று கணக்கு வந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு பயிற்சி நிலையம் எரிந்தது. 1974இலிருந்து நடந்துவந்த அறிவியல் புனைகதைப் புத்தகக்கடை எரிந்தது. இரண்டு தபால் அலுவலகம் எரிந்தன. இவர்களில் யார் ஃப்ளாய்டின் கழுத்தில் கால் வைத்தார்கள்?

ஒரு கிளெய்மைப் பற்றிச் சொல்கிறேன், பேர் வேண்டாம். ஈக்வடார்காரப் பெண், எங்கள் வயதுதான், விசேஷ உடைகள் விற்கிற கடை. மெக்சிகோ நாட்டுக் குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினைந்து வயதானால் கல்யாணம் மாதிரி கொண்டாடுவார்கள், அதற்கான கவுன்கள். ஒன்று ஐந்நூறு, அறுநூறு டாலர். நான் போனபோது கூரை இல்லை. ஃபயர் சர்வீஸ் அடித்த தண்ணீரில் சாம்பல் சேறாகி, ஹேங்கர் கம்பிகள் மட்டும் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தன. நைலான் உருகி அந்தக் கம்பிகளில் கறுப்பு மெழுகாக ஒட்டியிருந்தது. எத்தனை கவுன் இருந்தது என்பதற்கு பில் எங்கே என்று நான் கேட்க வேண்டும், அது என் வேலை. பில்லும் கம்ப்யூட்டரும் கடைக்குள்தான் இருந்தன. கடைசியில் அவள் மொபைலை எடுத்துத் தங்கை மகள் அந்தக் கடைக்குள் கேக் வெட்டிய போட்டோக்களைக் காட்டினாள். பின்னால் தெரிகிற வரிசைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நாங்கள் இருவரும் கவுன் எண்ணினோம். ஒரு பெண்ணின் தலை மறைத்த இடத்தில் நான்கா ஐந்தா என்று தகராறு. ஐந்து என்று எழுதினேன்.

அவளுக்கு வந்தது போட்ட முதலில் பாதிகூட இல்லை. ஏன் என்று கேள். பாலிசியில் கலவரம் கவராகும், போர்தான் ஆகாது. அதில் குறை இல்லை. ஆனால் பிரீமியம் குறையட்டும் என்று பழைய மதிப்பிலேயே பாலிசி வைத்திருந்தாள், பாதிக் கடைக்காரர்கள் அப்படித்தான். தேய்மானம் போக மீதி. கொரோனாவால் மார்ச் மாதத்திலிருந்தே கடை மூடியிருந்ததால் வருமான இழப்பு என்று காட்ட ஒன்றும் இல்லை. கட்டடம் வேறொருவருடையது, அவர் கதை இன்னும் மோசம். இடிபாடுகளை அகற்ற அந்தத் தெருப் பாலிசிகளில் பெரும்பாலும் 25,000 முதல் 50,000 டாலர் வரைதான் வரம்பு. கான்ட்ராக்டர்கள் கேட்டது இரண்டு லட்சம், மூன்று லட்சம். இதில் மினியாபொலிஸ் ஒரு கூத்து பண்ணியது. இடிக்க அனுமதி வேண்டுமென்றால் அந்த வருடத்தின் மீதிப் பாதிச் சொத்துவரியை முன்கூட்டியே கட்டு என்று விதி. எரிந்த கட்டடத்துக்கு வரி! பக்கத்து செயின்ட் பாலில் அப்படிக் கேட்கவில்லை. பத்திரிகையில் வந்து கூச்சல் எழுந்த பிறகுதான் தளர்த்தினார்கள். அதுவரை இடிபாடு அப்படியே கிடந்தது.

இது புதுக் கதையும் இல்லை. 1967 ஜூலையில் இதே ஊரின் வடக்கே பிளிமத் அவென்யூ எரிந்தது. அங்கே கடை வைத்திருந்த யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. அந்த வருடம் டெட்ராயிட் கலவரத்தில் 43 பேர் செத்தார்கள். அதன் பிறகு கறுப்பர்கள் வாழும் பகுதி என்றாலே இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாலிசி கொடுக்க மறுத்தன. நியூஜெர்சி கவர்னர் ஹியூஸ் தலைமையில் இதற்கென்றே ஒரு குழு போட்டு, 1968இல் சட்டம் கொண்டுவந்து, எங்கும் பாலிசி கிடைக்காதவர்களுக்கு ஒரு கடைசி வழி செய்துகொடுக்க வேண்டியிருந்தது. தீ அணைந்து போகும், பிரீமியம் ஏறினது ஏறினதுதான். ஏறின பிரீமியத்தைக் கட்டுகிறவர்கள் அங்கே மிச்சமிருக்கிறவர்கள்.

இன்னொன்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் காந்தி மஹால் என்று ஒரு ரெஸ்டாரன்ட், வங்கதேசத்துக்காரர் நடத்தியது. அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்ய இடம் கொடுத்தவர். அதுவும் எரிந்தது. "என் கட்டடம் எரிந்தால் எரியட்டும், நியாயம் கிடைக்கட்டும்" என்று அவர் ஃபோனில் சொன்னதை மகள் எழுதிப் போட, உலகமே பகிர்ந்தது. பெரிய மனசு, சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்னது தன் கடையைப் பற்றி. கவுன் கடைக்காரி சார்பில் அதைச் சொல்ல அவருக்கே உரிமை இல்லை, தூரத்து ஊரில் சோபாவில் உட்கார்ந்து பகிர்ந்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

இதையெல்லாம் அப்போது வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். ஒமர் வாசோ என்ற கறுப்பின அறிஞர் 1960களின் போராட்டங்களை ஆராய்ந்து, அமைதியான போராட்டம் ஆதரவைக் கூட்டியது, வன்முறை வெள்ளையர் ஓட்டுகளை எதிர்ப்பக்கம் தள்ளியது என்று எழுதினார். டேவிட் ஷோர் என்ற தேர்தல் ஆய்வாளர் அந்த மே மாதக் கடைசியில் அதை ட்விட்டரில் சுருக்கிப் போட்டார். கறுப்பர்களின் கோபத்தைக் குறை சொல்கிறார் என்று எதிர்ப்பு கிளம்பியது, சில நாளில் அவர் வேலையில் இல்லை. இன்னொரு பக்கம், "கொள்ளை தொடங்கினால் சுடுவதும் தொடங்கும்" என்று அப்போதைய ஜனாதிபதி ட்ரம்ப்பே எழுதுகிறார், அது 1967இல் மயாமி போலீஸ் தலைவர் சொன்ன வாக்கியம். நடுவில் நின்று "அப்பா, கடை பாவம்" என்று சொன்னால் நீ யார் ஆள் என்று இரண்டு பக்கமும் கேட்கும். ஃப்ளாய்டின் தம்பி டெரன்ஸ், அண்ணன் செத்த இடத்தில் நின்றுகொண்டு, நானே என் ஊரை உடைக்கவில்லை, நீங்கள் ஏன் உடைக்கிறீர்கள், போய் ஓட்டுப் போடுங்கள் என்ற பொருளில் கத்தினார். அவரிடம் போய் யார் ஆள் என்று கேட்பார்களா?

ஊரே எரிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதே. அந்தக் கோடையில் நாடு முழுக்க நடந்த போராட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் அமைதியாகவே முடிந்தன. தீ வைத்தவர்கள் எல்லாம் ஃப்ளாய்டுக்காக அழுதவர்களும் இல்லை. டெக்சாஸிலிருந்து வந்து அந்த ஸ்டேஷன் மேல் 13 குண்டு சுட்ட ஒருவன் தீவிர வலதுசாரிக் கும்பலைச் சேர்ந்தவன், கோர்ட்டில் ஒப்புக்கொண்டான்.

அப்புறம் என்ன ஆயிற்று? பாவ்டர்ஹார்ன் பூங்காவில் ஒன்பது கவுன்சிலர்கள் மேடையேறிப் போலீஸ் துறையையே கலைப்போம் என்றார்கள். 2021 நவம்பரில் அதைப் போலவே ஒன்றை ஓட்டுக்கு விட்டபோது 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கறுப்பர்கள் அதிகமாக வாழும் வடக்கு வார்டுகளும் வேண்டாம் என்றுதான் போட்டன. அவர்களுக்குப் போலீஸும் வேண்டும், அது தங்களைக் கொல்லாமலும் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள என்ன கஷ்டம்? ஷோவினுக்கு இருபத்திரண்டரை வருடம். குடும்பத்துக்கு நகரம் 2.7 கோடி டாலர் கொடுத்தது. எரிந்த போலீஸ் ஸ்டேஷன் வருடக்கணக்கில் முள்கம்பிக்குள் சும்மா நின்றது.

வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நம் அபி அப்போது காலேஜ், எல்லா ஊர்வலத்துக்கும் போனவள். "தீ வைத்தது 28ஆம் தேதி ராத்திரி. ஷோவினைக் கைது செய்தது 29. கணக்கு நீயே போடும்மா" என்பாள். வீடியோ இருந்தது, அதனால் கைது வந்தது என்பேன் நான். "காஸ்டீலுக்கும்தான் வீடியோ இருந்தது" என்று அடுத்த நொடி வந்து விழும். அது வாஸ்தவம். அவர் செத்துக்கொண்டிருந்ததை ஃபேஸ்புக்கில் நேரலையாகவே உலகம் பார்த்தது, என்ன ஆயிற்று? ஆனால் ஒன்பது நிமிடம் என்பது வேறு என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன், பயந்துபோய்ச் சுட்டேன் என்று சொல்ல அதில் இடமே இல்லை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்குக் கிளெய்ம் போடலாம், ஃப்ளாய்டுக்கு எங்கே போடுவது என்று ஒருமுறை கேட்டாள். அந்த 2.7 கோடியும் இந்தக் கடைக்காரிகள் கட்டின வரிதான், ஷோவின் கையிலிருந்து ஒரு டாலரும் போகவில்லை என்றேன். அதற்கு மட்டும் "அது அநியாயம்தான்" என்றாள்.

கவுன் கடைக்காரி லேக் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பவில்லை. புறநகரில் சின்னதாக ஒரு இடம் பிடித்து, இப்போது வாடகைக்குக் கவுன் கொடுக்கிறாள். பாலிசி முழு மதிப்புக்கு எடுத்திருக்கிறாளா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன், சிரிப்பாள்.

டிசம்பரில் அபியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். எந்தப் பக்கம் என்று அவளிடமும் கேள். என்னைப் போல நீட்டி முழக்க மாட்டாள், நேராகச் சண்டைக்கே வருவாள். பேச்சு எப்படியோ, தமிழில் கோபப்பட அவளுக்கு நன்றாகவே வரும்.

அன்புடன்,
வசந்தி