சதாபிஷேகத்துக்கு வராதது பற்றி, சாருக்கு

சார்,

நமஸ்காரம். அன்று மேடையில் என்னைத் தேட வேண்டாம். நியூஜெர்சி, டொரோண்டோ, சிங்கப்பூர் என்று உங்கள் சிஷ்யர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து வயலினில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் வாசிக்கும்போது நான் இல்லையென்றால் பேச்சு வரும். வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே வந்தாச்சு. அதனால்தான் இதை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதுகிறேன். மாமியிடம் போனில் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு எனக்குத் திருச்சியில் தனிக் கச்சேரி. தேதியை மாற்றித் தரச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

லண்டன் பாரதிய வித்யா பவன் கச்சேரியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குளிரில் தேங்காய் எண்ணெய் குப்பியிலேயே உறைந்துவிட்டது. விரல் வழுக்காவிட்டால் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை எப்படி அசைப்பது? காகிதக் கோப்பையில் வெந்நீர் வாங்கி, குப்பியை அதில் நிறுத்தி, உருகியதும் முதலில் என் இடது கை விரல்களில்தான் தடவினீர்கள். தந்தி அழுத்திய கோடுகளைப் பார்த்து, "பரவாயில்லையே, சாதகம் பண்றே" என்றீர்கள். அப்புறம் மேடையில் தோடியைத் தொடங்கி, மேல் ஷட்ஜத்தில் நின்று, வில்லை மடியில் வைத்துவிட்டு, "மீதியை நீ வாசி." இரண்டாவது வயலினாகப் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம்! உங்கள் தலை ஆடியதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன்.

அந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும் சார்? தெரிந்த ஊரில், மார்கழியில், பாடகர்கள் உங்களிடம் பக்கவாத்தியத்துக்கு ஆள் கேட்டபோதெல்லாம் பையன்களைத்தானே அனுப்பினீர்கள்? "பாடறவர் ஒத்துக்கணுமேம்மா." ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று இங்கே எழுத மாட்டேன். சிலருக்குப் புரியும், போதும். பெண்களுக்கு வாசிக்காதிருந்த மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரே ஒரு கட்டத்தில் பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். "அவளைத்தான் அனுப்புவேன்" என்று நீங்கள் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்தப் பாடகர் மறுத்திருப்பாரா?

ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தீர்கள். நள்ளிரவில் விமானம் விட்டு இறங்கி, விடிந்ததும் எனக்கு மூன்று காலத்தில் வர்ணம் பாடம் எடுத்தீர்கள். அதை மறந்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

2016-ல் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரி அம்மாவுக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அறிவித்தபோது, வயலின் வாசிக்கும் பெண்ணுக்கு இதுதான் முதல் தடவை என்று போன் செய்து பூரித்துப் போனீர்கள். நான் "ஆமாம் சார்" என்று மட்டும் சொன்னேன். என் மௌனம் உங்களுக்கு உறைக்கவே இல்லை.

1965-ல் எடின்பரோ விழாவில் வயலின் மேதை லால்குடி ஜெயராமனைக் கேட்டுவிட்டு மேற்கத்திய வயலின் மேதை மெனுஹின் தன் வயலினையே கொடுத்ததை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! லால்குடி பக்கவாத்தியம் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிக்கு வந்ததையும் சொல்வீர்கள். நானும் இனி பக்கவாத்தியம் வாசிப்பதில்லை. ஒப்பிடவில்லை, சிரிக்காதீர்கள். கூப்பிடுவார்களா என்று காத்திருந்து அலுத்துவிட்டது.

வேஷ்டியும் மாமிக்குப் புடவையும் தம்பி கொண்டுவருவான். புடவைக் கரை மாமிக்குப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், பில் பைக்குள்ளேயே இருக்கிறது.