அம்மாவை எங்களுக்குத் திருப்பித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

மார்கழிக் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா, "தலையில இடி எறங்குன மாதிரி இருக்குடி" என்று சொல்லி வாசலிலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் காட்டினோம். பித்தத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் ஒரே வாந்தி. கழுத்தைக் குனிய முடியவில்லை.

எதிர்வீட்டுப் பூக்கார அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. "இது பித்தமில்ல பாப்பா, எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் வந்துச்சு, 108ஐக் கூப்பிடு" என்று நீங்கள் அதட்டியிராவிட்டால் நாங்கள் அம்மாவைத் தூங்க வைத்திருப்போம்.

ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம். ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவில் காரணம் தெரிந்தது: மூளையின் ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் 7 மி.மீ. புடைப்பு, அது வெடித்திருந்தது. சைக்கிள் டியூப் நைந்த இடத்தில் புடைக்குமே, அதுபோல என்று படம் வரைந்து காட்டினீர்கள், டாக்டர். தொடை வழியாகக் குழாய் விட்டுப் பிளாட்டினச் சுருளால் அடைக்கலாம், அல்லது மண்டையைத் திறந்து கிளிப் போடலாம். இதற்கு வாய் அகலம், கிளிப்தான் சரி என்றீர்கள். மறுபடி வெடித்தால் பிழைப்பது கடினம் என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு நன்றி.

ஆபரேஷனோடு ஆபத்து முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் கசிந்த ரத்தத்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் இரண்டு வாரம்வரை சுருங்கி, பக்கவாதம் வரலாமாம். அதற்காக நிமோடிபின் மாத்திரை, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். ராத்திரி 2 மணி மாத்திரையை ஒருநாளும் தவறவிடாத சிஸ்டர்களே, ஒவ்வொரு முறையும் "என் கையை இறுக்கிப் பிடிங்கம்மா, இது எந்த ஊரு சொல்லுங்க" என்று கேட்டீர்கள். ஒன்பதாம் நாள் வலக்கைப் பிடி தளர்ந்ததைக் கண்டுபிடித்து, அப்போதே டாக்டரை வரவழைத்தது நீங்கள்தான். இன்று அம்மா அந்தக் கையால்தான் சாப்பிடுகிறார்.

தலைசுற்றல் இல்லையே என்று அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்தி மூன்று வருஷம். நான் கேட்டதே இல்லை. அது என் தவறு. இப்போது காலையில் என் கையால்தான் கொடுக்கிறேன். புகையும் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று டாக்டர் சொன்ன அன்றே பீடியை விட்ட மாமா, உங்களுக்கும் நன்றி.

ஐசியூ வாசலில் பாய் விரித்திருந்த தேனிக்காரப் பெரியம்மா, பேர்கூடக் கேட்காமல் எங்களுக்குத் தினமும் கஞ்சி கொடுத்தீர்கள். உங்கள் தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா உங்களைப் பார்க்கணும் என்கிறார்.

நன்றியுடன்,
மூத்த மகள்